வேறு ஊரில் ஒரு நகல்: கிளவுட் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு

நமது மடலின் வாசகர்களில் பள்ளிக்கூடம், மருத்துவமனை, மொத்த வியாபாரம் என்று ஏதேனும் ஒன்றை நிர்வகிப்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை அவர்களுடைய அலுவலக மூலையில் ஒரு சர்வர் இருக்கும். பக்கத்தில் யுபிஎஸ், மேலே இரவும் பகலும் ஓடும் ஏசி, "தொடாதீர்கள்" என்று ஒட்டிய சீட்டு. இன்று அந்த மூலை காலியாகிவிட்டது. எல்லாம் கிளவுட்டுக்குப் போய்விட்டன. மாத வாடகை கட்டினால் போதும். மின்வெட்டும் எலி கடித்த வயரும் இனி நம் தலைவலி அல்ல.

இந்த நிம்மதியோடு ஒரு தவறான நம்பிக்கையும் சேர்ந்து வந்துவிட்டது. "கிளவுட்டில்தானே இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கிளவுட் என்று பெயர் இருந்தாலும் அது ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கட்டடத்தில், வரிசையாக நிற்கும் இரும்பு அலமாரிகள்தான். அந்தக் கட்டடம் தீப்பிடிக்கலாம், அந்த ஊரில் வெள்ளம் வரலாம்.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் 2021 மார்ச் 10 அன்று நள்ளிரவு தாண்டிய நேரத்தில் அப்படித்தான் நடந்தது. ஓவிஎச்கிளவுட் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் ஒன்று முழுவதும் எரிந்து போனது. பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி சேதமானது. அதே வளாகத்தில் தீ தொடாத மற்றக் கட்டடங்களையும் நிறுத்த வேண்டியதாயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் லட்சக்கணக்கான இணையதளங்கள் முடங்கின. நிறுவனர் ஆக்டாவ் கிளாபா அன்றே வாடிக்கையாளர்களிடம், உங்களுடைய பேரிடர் மீட்புத் திட்டத்தை இயக்குங்கள் என்று கேட்டுக்கொண்டார். திட்டம் வைத்திருந்தவர்கள் இயக்கினார்கள். இல்லாதவர்களுக்கு, அப்படி ஒன்றை வைத்திருப்பது தங்கள் வேலை என்பதே அன்றுதான் புரிந்தது. தனியாகக் கட்டணம் கட்டி பேக்கப் எடுத்து வைத்திருந்த ஒரு வாடிக்கையாளருக்கோ, அந்த பேக்கப்பும் அதே இடத்தில் இருந்ததால் இரண்டும் சேர்ந்து போயின. அவர் நீதிமன்றம் போனார், நிறுவனம் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பு பணம் தரும், எரிந்த பதிவேட்டைத் தராது.

தென்கொரியாவின் டேஜான் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று அரசாங்கமே இதை அனுபவித்தது. அரசின் தகவல் மையத்தில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. நின்றுபோன கணினிச் சேவைகள் முதலில் 647 என்று சொல்லப்பட்டு, பிறகு 709 என்று திருத்தப்பட்டன. தீ நேரடியாகத் தின்றவை 96. அவற்றில் ஒன்று ஜி-டிரைவ், அதாவது அரசு ஊழியர்கள் தங்கள் அலுவல் கோப்புகளைச் சேமித்து வந்த இடம். 858 டெராபைட். மற்றப் பல சேவைகளுக்கு வேறு இடத்தில் பிரதி இருந்தது. இதன் அளவு மிகப் பெரியது என்பதால் இதற்கு மட்டும் வெளியில் பிரதி இல்லை. எல்லாமே போயிற்று.

ஆகவே நம் டேட்டாவுக்கு வேறு ஊரில் ஒரு நகல் வேண்டும். கிளவுட் நிறுவனங்கள் இதற்குத் தருகிற வசதிகளில் முக்கியமானது டிஸ்க் ரெப்ளிகேஷன். நம் சர்வரின் டிஸ்க்கில் எழுதப்படுவது எல்லாம், எழுதப்பட எழுதப்பட, இன்னோர் ஊரிலிருக்கும் டிஸ்க்கிலும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும்.

ரசீது புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் தாளில் எழுதுகிறோம், கார்பன் தாள் வழியாக அடித்தாளில் விழுகிறது. அடித்தாள் சென்னையில் இருக்கிறது, மேல் தாள் புனேயில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் அதுவே ரெப்ளிகேஷன். புனே எரிந்தாலும் சென்னையில் கடைசி ரசீது வரை இருக்கும்.

இங்கே ஒரு கேள்வி. அடித்தாளில் விழுந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் மேலே அடுத்த ரசீதை எழுத வேண்டுமா, அல்லது மேலே எழுதிக்கொண்டே போகலாமா? முதல் முறைக்கு சிங்க்ரனஸ் என்றும் இரண்டாவதற்கு அசிங்க்ரனஸ் என்றும் பெயர். முதலாவதில் ஒரு ரசீதுகூடத் தொலையாது. பிறகு ஏன் எல்லோரும் அதையே வைத்துக்கொள்ளவில்லை? தூரம்தான் காரணம். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. புனேக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 900 கிலோமீட்டர். போய் வர 9 மில்லிவினாடி. கேபிள் நேர்கோட்டில் போகாது, ஆகவே 10 என்று வைத்தாலும் குறைத்துச் சொன்னதாகவே இருக்கும். ஒன்று முடிந்த பின் அடுத்தது என்று வரிசையில் நிற்கிற பதிவுகள் அப்போது வினாடிக்கு நூறைத் தாண்டாது. எத்தனை விலை உயர்ந்த சர்வர் வாங்கினாலும் ஒளியை விரட்ட முடியாது. அதனால் சிங்க்ரனஸ் முறை ஒரே வட்டாரத்துக்குள், சில பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் கட்டடங்களுக்கு நடுவேதான் வழக்கத்தில் இருக்கிறது. ஒரு கட்டடம் மட்டும் போனால் அது காப்பாற்றும். ஊரே மூழ்கினால் காப்பாற்றாது. ஊர் விட்டு ஊர் என்றால் அசிங்க்ரனஸ்தான், கடைசி சில வினாடிகளோ நிமிடங்களோ தொலையலாம் என்று ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

எவ்வளவு தொலையலாம் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நிர்வாகி. கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பியிடம் அதைத் தள்ளிவிடக் கூடாது. துறையில் இதற்கு ஆர்பிஓ என்பார்கள். எவ்வளவு நேரத்துக்குள் மறுபடி வேலை தொடங்க வேண்டும் என்பது ஆர்டிஓ. வண்டிக்கு லைசென்ஸ் தரும் ஆர்டிஓ அல்ல. ஐம்பது படுக்கை மருத்துவமனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரவேற்பில் பதிந்த பத்து நிமிட டோக்கன்கள் தொலைந்தால் நோயாளிகளிடமே கேட்டுத் திரும்ப எழுதிவிடலாம். ரத்தப் பரிசோதனை முடிவு தொலைந்தால் மறுபடி ஊசி போட வேண்டும். எந்த மருந்து எப்போது கொடுக்கப்பட்டது என்ற பதிவு தொலைந்தால் அடுத்த ஷிப்ட் நர்ஸ் என்ன செய்வார்? ஒரே சர்வரில் இருக்கும் மூன்றுக்கும் மூன்று விதமான பதில். இதை ஒரு வெள்ளைத் தாளில் எழுதாமல் எந்தக் கம்பெனியிடமும் விலை கேட்கப் போகாதீர்கள்.

இனி அமைக்கும் முறை. மைக்ரோசாஃப்டின் அஸூரை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதன் புனே வட்டாரத்துக்கு ஜோடியாகச் சென்னை வட்டாரம் இருக்கிறது. அங்கே இந்த வசதியின் பெயர் சைட் ரெகவரி. கூகுளில் பெர்சிஸ்டென்ட் டிஸ்க் அசிங்க் ரெப்ளிகேஷன், அமேசானில் எலாஸ்டிக் டிசாஸ்டர் ரெகவரி என்று இருக்கின்றன. பெயரும் பொத்தான்களும் வேறு, தத்துவம் ஒன்று.

சர்வர் புனேயில் ஓடுகிறது என்று கொள்வோம். முதலில் ரெகவரி சர்வீசஸ் வால்ட் என்ற பெட்டகத்தைத் திறக்க வேண்டும். இதைப் புனேயில் வைக்க அந்த மென்பொருளே விடாது, சென்னையில் வைப்பதுதான் வழக்கம். காரணம் எளிது. வீடு எரியும்போது சாவி வீட்டுக்குள் இருக்கக் கூடாது. அடுத்து, புனேயில் ஒரு இடைக்காலச் சேமிப்புக் கணக்கு. டிஸ்க்கில் நடக்கும் மாற்றங்கள் முதலில் இதில் விழுந்து, பிறகு சென்னைக்குப் போகும். சர்வரில் ரெப்ளிகேஷனை இயக்கியதும் ஒரு சிறு மென்பொருள் தானாக அதில் நிறுவப்படும். முதல் தடவை முழு டிஸ்க்கும் போகும். டிஸ்க் பெரியது என்றால் மணிக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டு நிறுத்திவிடக் கூடாது. அதன்பின் மாற்றங்கள் மட்டும் போகும்.

சென்னையில் டிஸ்க்கின் நகல் மட்டுமே இருக்கும். சர்வர் இருக்காது. ஆபத்து வந்து நாம் ஃபெயில்ஓவர் என்ற கட்டளையைக் கொடுக்கும்போதுதான் அந்த நகலிலிருந்து சர்வர் உருவாகும். இதனால் செலவு பாதிக்கும் கீழே இறங்குமா என்று கேட்டால் அது அவரவர் சர்வரைப் பொறுத்தது. பொதுவாக ஒரு சர்வரில் அதிகம் தின்பது பிராசஸரும் நினைவகமும்தான். அவற்றுக்கு ஆபத்து நாள் வரை வாடகை இல்லை. நகல் டிஸ்க்குக்கும், ஊர் விட்டு ஊர் போகும் டேட்டாவுக்கும், சர்வர் ஒன்றுக்கு மாதக் கட்டணமும் உண்டு. ஒவ்வொரு சர்வருக்கும் முதல் 31 நாட்கள் அந்த மாதக் கட்டணம் கிடையாது, ஒத்திகைக்கு நல்ல அவகாசம்.

செலவைக் குறைக்க இன்னொரு வழி, தேவையற்றதை அனுப்பாமல் இருப்பது. தற்காலிகக் கோப்புகள், ஸ்வாப் போன்றவை ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும், மறுநாள் யாருக்கும் வேண்டாதவை. அவற்றைத் தனி டிஸ்க்கில் வைத்து, அந்த டிஸ்க்கை நகலெடுப்பிலிருந்து விலக்கிவிடலாம்.

சைட் ரெகவரி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு மீட்புப் புள்ளியைக் குறித்து வைக்கிறது. அந்த நொடியில் டிஸ்க் எப்படி இருந்ததோ அப்படி. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினால் டிஸ்க் எந்த நிலையில் நிற்குமோ, அதே நிலை. நல்ல டேட்டாபேஸ்கள் இதிலிருந்து தாமாக எழுந்துகொள்ளும். எதைச் செய்யப் போகிறோம் என்பதை முதலில் ஒரு லாக்கில் எழுதிவிட்டுத்தான் அவை காரியத்தில் இறங்கும். ஆனால் டேட்டா ஒரு சர்வரிலும் அதைச் சார்ந்த கணக்கு இன்னொரு சர்வரிலும் இருந்தால் கவனம் வேண்டும். ஒன்று 10.05-இல் நின்று மற்றது 10.07-இல் நின்றால், பணம் வாங்கியதாக ஒரு பதிவு இருக்கும், ரசீது இருக்காது. இப்படிப்பட்ட சர்வர்களை ஒரே குழுவாகச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே நொடியில் புள்ளி வைக்கச் சொல்ல முடியும். கூகுளிலும் கன்சிஸ்டென்சி குரூப் என்று இதே ஏற்பாடு டிஸ்க்குகளுக்கு உண்டு. அமைத்துத் தருபவரிடம் கேட்டு வாங்குங்கள், அவராகச் சொல்ல மாட்டார்.

டிஸ்க் வந்து சேர்ந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். உண்மையில் பாதி வேலை டிஸ்க்குக்கு வெளியே இருக்கிறது. சென்னையில் எழுந்த சர்வருக்கு வேறு ஐபி முகவரி. நம் இணையதளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு உலகெங்கும் பல இடங்களில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை எவ்வளவு நேரம் சேமித்து வைக்கலாம் என்று நாம்தான் சொல்லியிருப்போம். அது ஒரு நாள் என்று இருந்தால், சர்வர் அரை மணியில் எழுந்தாலும் மக்கள் ஒரு நாள் வரை பழைய வாசலையே தட்டிக்கொண்டிருப்பார்கள். முன்கூட்டியே ஐந்து நிமிடம் என்று மாற்றி வைப்பது ஒரு வரி வேலை. பணம் வசூலிக்கும் பேமென்ட் நிறுவனமும், எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனமும் குறிப்பிட்ட முகவரியிலிருந்து வந்தால்தான் ஏற்கும் என்றால், சென்னை முகவரியையும் இப்போதே அவர்களிடம் பதிந்து வைக்க வேண்டும். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் பூட்டைத் திறக்கும் குறியீடும் சென்னையில் இருக்க வேண்டும். லாகின் செய்ய ஓடிபி வருகிற மொபைல் யாருடையது என்பதையும் பாருங்கள். பல நிறுவனங்களில் அது வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவருடையதாக இருக்கும்.

இன்னொன்று, புனேயே போய்விட்ட நாளில் நம்மைப் போலவே எல்லோரும் சென்னையில் சர்வர் கேட்பார்கள். நமக்குத் தரப்பட்ட அளவுவரம்பு அங்கே போதுமா என்று முன்பே பார்த்து உயர்த்திக் கேட்டு வைக்க வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட வேலை என்றால் காசு கட்டி இடத்தை முன்பதிவு செய்துகொள்ளும் வசதியும் இருக்கிறது.

இப்போது இதன் பலவீனத்துக்கு வருகிறேன். கார்பன் தாளுக்கு நல்லது கெட்டது தெரியாது. மேல் தாளில் தவறாக அடித்தால் அடித்தாளிலும் அதே அடி விழும். யாரோ ஒருவர் கைத்தவறாக மாணவர் பட்டியலை அழித்தால், ரெப்ளிகேஷன் மிகுந்த விசுவாசத்தோடு அந்த அழிப்பையும் சென்னைக்குக் கொண்டு சேர்க்கும். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் வைரஸ் வந்தாலும் அப்படியே. சைட் ரெகவரியில் பழைய மீட்புப் புள்ளிகள் இயல்பாக 24 மணி நேரமும், கேட்டுக்கொண்டால் 15 நாள் வரையும் இருக்கும். வெள்ளி மாலை அழிந்ததை திங்கள் காலை கண்டுபிடித்தால் 24 மணி நேரம் எதற்கு உதவும்?

கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 இரவு நடந்தது இங்கே பொருத்தமான பாடம். அவர்களிடம் ஒரு முதன்மை டேட்டாபேஸும் அதன் நகலும் இருந்தன. நகல் பின்தங்கிவிட்டது. அதை வெறுமையாக்கிப் புதிதாக நகலெடுக்க நினைத்த பொறியாளர், அழிக்கும் கட்டளையை முதன்மை சர்வரில் கொடுத்துவிட்டார். வினாடிகளில் உணர்ந்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் அந்த இடம் காலி. மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் பேக்கப் தோற்றுக்கொண்டே வந்திருக்கிறது. தோற்றுவிட்டது என்று சொல்லும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு ஒருவர் வேறு காரியத்துக்காகக் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரம் போனது போனதுதான். எல்லாவற்றையும் ஒளிக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள், அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

எனவே கார்பன் தாளோடு, எழுதி முடித்த பழைய ரசீது புத்தகங்களைப் பீரோவில் பூட்டி வைப்பதும் வேண்டும். அதுதான் பேக்கப். தினசரி, வாராந்திரம், மாதாந்திரம் என்று தேதியிட்டு எடுக்கப்பட்டு, குறித்த காலம் வரை யாராலும், நிர்வாகியாலும்கூட, அழிக்க முடியாதபடி வைக்கப்படுவது. அந்தப் பீரோ அதே கிளவுட் கணக்குக்குள் இருந்தால் போதுமா? ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியில் 6 லட்சத்துக்கும் அதிகமானோர் உறுப்பினர்கள். கூகுள் கிளவுட்டில் இரண்டு இடங்களில் நகல் வைத்திருந்தார்கள். கூகுள் தரப்பில் அமைப்பின்போது நேர்ந்த ஒரு தவறால் 2024 மே மாதம் அவர்களுடைய தனிக் கிளவுட்டே அழிக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் போயிற்று. மீண்டு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. மீண்டதற்கு வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப்பும் உதவியது. பெரிய கம்பெனி, இரண்டு ஊர் என்பதோடு நிற்காமல், ஒரு பிரதியாவது வேறொருவர் கையில், வேறு பாஸ்வேர்டில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பணம் குறைவாக இருக்கிறது, இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் எதை முதலில் செய்வது? என் பதில் பேக்கப். ரெப்ளிகேஷன் நேரத்தை மிச்சப்படுத்தும், பேக்கப் டேட்டாவையே மிச்சப்படுத்தும். ஒரு சிறிய பள்ளிக்கூடம் இரண்டு நாள் கையால் எழுதிச் சமாளிக்கும். மருத்துவமனையால் முடியாது, அதற்கு இரண்டும் வேண்டும்.

அடுத்தது ஒத்திகை. சைட் ரெகவரியில் டெஸ்ட் ஃபெயில்ஓவர் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. தனியாகப் பிரிக்கப்பட்ட நெட்வொர்க்கில் சர்வரை எழுப்பிக் காட்டும். புனேயில் ஓடும் வேலைக்கும், நகலெடுப்புக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை. பார்த்து முடித்ததும் துடைத்துவிடலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்ய வேண்டும். செய்யும்போது சர்வர் எழுந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது. கணக்கரை உட்கார வைத்து நேற்றைய வசூலைக் கூட்டச் சொல்லுங்கள். டாக்டரிடம் ஒரு நோயாளியின் பழைய ரிப்போர்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்து, தொடங்கியதிலிருந்து எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எழுதி வையுங்கள். அந்த எண்தான் உங்கள் உண்மையான ஆர்டிஓ, விலைப்பட்டியலில் அச்சிட்டது அல்ல. டேட்டாபேஸ் முதலில், அதன்பின் மென்பொருள், கடைசியில் இணையதளம் என்ற வரிசையையும் ரெகவரி பிளான் என்ற இடத்தில் முன்பே பதிந்து வைக்கலாம்.

இயந்திரம் நன்றாக இருந்து ஆள் வர முடியாமல் போவதும் உண்டு. 1878-இல் தொடங்கிய 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு 2015 டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. வெள்ளத்தில் ஊழியர்கள் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. அதனால் ஃபெயில்ஓவர் கட்டளை கொடுக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது, முடிந்தால் இரண்டு ஊர்களில், இருக்க வேண்டும். நம் மஹல்லாக்களில் ஐடி படித்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. கொடுக்கலாம் என்று முடிவு சொல்கிறவர் யார், அவர் போன் எடுக்கவில்லை என்றால் அடுத்தவர் யார் என்பதையும் பெயர் போட்டு எழுதி, காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். சர்வரிலேயே சேமித்து வைத்த அவசரக் குறிப்பு அன்றைக்கு யாருக்கும் கிடைக்காது.

அல்லாஹ் காப்பாற்ற வேண்டும், அப்படி ஒரு நாள் வந்தே விட்டது என்றால் அவசரத்தில் ஒரு காரியத்தைச் செய்துவிடக் கூடாது. ஃபெயில்ஓவர் ஆனதும் கமிட் என்ற கட்டளை காத்திருக்கும். அதை அழுத்தினால் மற்ற மீட்புப் புள்ளிகள் எல்லாம் அழிந்துவிடும். ஆகவே சென்னையில் எழுந்த சர்வரில் கணக்கு சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சரியில்லை என்றால் முந்தைய புள்ளிக்கு மாறுங்கள், திருப்தியான பிறகு கமிட் கொடுங்கள். அதன்பின் ரீப்ரொடெக்ட் என்ற கட்டளையைக் கொடுத்தால் நகலெடுப்பு எதிர்த்திசையில், சென்னையிலிருந்து புனேக்கு, தொடங்கும். இதை மறப்பவர்கள் அதிகம். சென்னையில் வேலை நன்றாக ஓடுகிறது என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த நாட்களில் அவர்களிடம் இருப்பது மறுபடியும் ஒரே ஒரு பிரதி. புனே சரியாகி, நகல் முழுமையானதும், கூட்டம் குறைவான ஓர் இரவில் திரும்பிப் போகலாம். அந்த இரவிலும் முதலில் டெஸ்ட் ஃபெயில்ஓவர், பிறகுதான் உண்மையான மாற்றம்.